வாசகர் கேள்வி – பதில்: ரயிலுக்கு முன்னால் ஓடிவிடும் ஷட்டில்

கேள்வி: எங்கள் புறநகரில் ஸ்டேஷனிலிருந்து ஊரைச் சுற்றி ஒரே ஒரு ஷட்டில் பஸ் ஓடுகிறது. ஒரு சுற்றுக்கு 40 நிமிடம். ரயில் அரை மணிக்கு ஒன்று. பஸ்ஸில் நாலு பேர் இருந்தால் அதிகம். சின்ன வண்டியாக மாற்றினால் செலவு குறைந்து பிழைக்குமா?

பதில்: வண்டி பாதியானால் ஓட்டுநரும் பாதி ஆள் ஆகிவிடுவாரா? செலவில் பெரும்பங்கு சம்பளம்தான். பல வருடம் பஸ்ஸுக்கு டைம் டேபிள் போட்டவன் நான். 40, 30 என்ற எண்களைப் பார்த்ததுமே கை பென்சிலைத் தேடியது.

பஸ் 7.05-க்குக் கிளம்புகிறது என்று வையுங்கள். அடுத்து 7.45, 8.25, 9.05. ஏழு மணி ரயிலில் வந்தவர் 5 நிமிடத்தில் ஏறிவிடுவார். ஏழரை ரயில்காரர் 15 நிமிடம் நிற்பார், எட்டு மணிக்காரர் 25. எட்டரைக்கு இறங்குபவர் பாவம், பஸ் போய் 5 நிமிடம் ஆகியிருக்கும்; இன்னும் 35 நிமிடம் தேவுடு காக்க வேண்டும். மறுநாள் அவர் ஸ்கூட்டரில் வந்துவிடுவார். அப்புறம் 'ஆளே ஏறவில்லை' என்று அறிக்கை எழுதுவார்கள்.

சுற்றை 26 நிமிடமாக்கி, ஸ்டேஷனில் 4 நிமிடம் நிறுத்தினால் ஒவ்வொரு ரயிலுக்கும் பஸ் நிற்கும். சுற்றில் 14 நிமிடத்தை எங்கே குறைப்பது? ஏதாவது பெரிய வளாகத்துக்குள் நுழைந்து, வட்டம் அடித்து, அதே வாசலில் வெளியே வருகிறதா பாருங்கள். வாசலிலேயே நிறுத்தலாம். நடக்க முடியாதவர்களுக்கு இது கஷ்டம்தான். அவர்களுக்கு, போன் செய்தால் வரும் வண்டி தனியாக வேண்டும்.

அந்த 4 நிமிடத்தை மட்டும் யாரும் பிடுங்கக் கூடாது. ஆரம்ப காலத்தில் நான் இடைவெளியே விடாமல் ஒரு அட்டவணை போட்டேன், ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக. மூன்றாம் நாள் ஓட்டுநர் ஒருவர் அதை என் மேஜையில் வைத்து, "சார், நான் தண்ணி குடிக்கிறது எந்த நிமிஷத்துல?" என்று கேட்டார். காலையில் இரண்டு நிமிடம் தாமதமானது மதியத்துக்குள் இருபதாகியிருந்தது.

கேள்வி: டிக்கெட்டே வேண்டாம் என்றால் கூட்டம் வருமா?

பதில்: வரும். பெல்ஜியத்தின் ஹாசெல்ட் 1997-இல் பஸ்ஸை இலவசமாக்கியது. கூட்டம் பல மடங்கு பெருகியது, ஆனால் செலவு தாங்காமல் 2013-இல் முடித்துக்கொண்டார்கள். பிரான்சின் டன்கெர்க் 2018-இல் இலவசமாக்கியபோது வழித்தடங்களையும் மாற்றி, முக்கியத் தடங்களில் 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் விட்டது. எனக்குப் பிடித்தது அந்தப் பத்து நிமிடம்தான். 35 நிமிடம் நிற்க வைத்துவிட்டு, காசு வேண்டாம் என்றால் யார் ஏறுவார்கள்?

கேள்வி: மெயின் ரோட்டில் அரை மணி நேரம் பஸ்ஸே இல்லை, பிறகு இரண்டு சேர்ந்து வருகின்றன. வேண்டுமென்றே செய்கிறார்களா?

பதில்: இல்லை. முன்னால் போகிற பஸ் கொஞ்சம் தாமதமானால் ஸ்டாப்பில் கூட்டம் சேரும். ஏற்றி இறக்க இன்னும் தாமதமாகும். பின்னால் வருவதற்கு ஆளே மிச்சமிருக்காது, ஜாலியாக வந்து ஒட்டிக்கொள்ளும். பின்னால் வருகிற பஸ்ஸை நடுவில் ஒரு ஸ்டாப்பில் சில நிமிடம் நிறுத்திவைத்தால் சரியாகும். உள்ளே இருப்பவர்கள் திட்டுவார்கள். நானும் பஸ்ஸில் போகும்போது திட்டியிருக்கிறேன்.