உளவு பார்த்தவர்கள் எழுதிய கதைகள்: கேள்வி பதில்

உளவுத்துறையில் வேலை பார்த்துவிட்டு நாவல் எழுத வந்தவர்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். வந்து குவிந்ததில் பாதி ஜேம்ஸ் பாண்ட். அதை முதலில் முடித்துவிடுகிறேன். மற்றவற்றுக்கு எனக்குப் பிடித்த வரிசையில் பதில்.

ஜேம்ஸ் பாண்ட் உண்மையான ஆளா சார்? (பதினோரு பேர்)

இல்லை. இயான் ஃப்ளெமிங் 1939இல் பிரிட்டிஷ் கடற்படை உளவுப் பிரிவில் அதன் இயக்குநர் அட்மிரல் காட்ஃப்ரேயின் தனி உதவியாளராகச் சேர்ந்தார். வேலை 39ஆம் எண் அறையில், மேசையில். போர் முடிந்து ஏழு வருடம் கழித்து, 1952இல் ஜமைக்காவில் உட்கார்ந்து முதல் பாண்ட் நாவலை எழுதினார். பெயரைப் பறவைகள் பற்றிப் புத்தகம் எழுதிய ஒருவரிடமிருந்து எடுத்துக்கொண்டார். இதற்கு மேல் பாண்ட் கேள்விகளுக்குப் பதில் கிடையாது.

உளவு வேலை பார்த்தவர் எழுதினால் கதை உண்மையாகத்தானே இருக்கும்? பின்னட்டையிலேயே போட்டிருக்கிறார்களே. (சேலம்)

பின்னட்டையை நம்பாதீர்கள். இதை இன்று பல முறை சொல்லப் போகிறேன்.

ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாமை எடுத்துக்கொள்வோம். அவர் கதை தலைகீழ்: முதலில் பெயர்பெற்ற எழுத்தாளர், அப்புறம் உளவாளி. நாடகம் எழுத வந்திருக்கிறேன் என்ற சாக்கில் 1915இல் ஜெனீவாவில் தங்கி, அங்கிருந்த ஆட்களின் தகவல்களை வாங்கி அனுப்பினார். 1917இல் ரஷ்யாவுக்கும் போனார். போல்ஷ்விக்குகள் வராமல் தடுப்பதுதான் அங்கே அவருக்கு வேலை. ஆனால் அவர்கள்தான் ஆட்சியைப் பிடித்தார்கள், உங்களுக்கே தெரியும். இந்த அனுபவங்களை வைத்து 1928இல் ஆஷெண்டன் என்ற உளவாளியின் கதைகளை வெளியிட்டார். அதற்கு அவரே ஒரு முன்னுரை எழுதியிருக்கிறார்: உளவு வேலை பெரும்பாலும் சலிப்பானது, அதில் பாதி எதற்கும் உதவாதது, கிடைப்பதெல்லாம் துண்டு துண்டான விஷயங்கள், அவற்றுக்குத் தலையும் வாலும் வைத்துக் கதையாக்குவது எழுத்தாளன் பொறுப்பு என்கிற ரீதியில்.

ஆக, வேலை பார்த்தவர் கொண்டுவருவது சம்பவத்தை அல்ல. சந்தையில் வெண்ணெய் விற்கும் கிழவியிடம் ஆஷெண்டன் வெண்ணெய் வாங்குவார். சில்லறையோடு ஒரு துண்டுச் சீட்டும் கைக்கு வரும். அவ்வளவுதான். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. ஆனால் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு நடக்கும்போது முதுகில் ஏறும் கூச்சத்தை வெளியாள் அவ்வளவு சுலபமாக எழுதிவிட முடியாது.

அந்தத் தொகுப்பில் வரும் சந்திரலால் நம் செண்பகராமன் பிள்ளைதானே? (நாகர்கோவில்)

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். இல்லை. (செண்பகராமன், ஜெர்மனியிலிருந்து பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த விடுதலைப் போராளி.)

கதை தெரியாதவர்களுக்கு: சந்திரலால் பெர்லினிலிருந்து இயங்கும் இந்தியப் புரட்சியாளர். அவரை நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தில் பிரிட்டிஷ்காரர்களால் தொட முடியாது. அதனால் அவர் காதலித்த நடனக்காரியைப் பிடித்து மிரட்டி, வா வா என்று கடிதம் எழுத வைக்கிறார்கள். என்ன எழுத வேண்டும் என்று ஆஷெண்டன் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிறார். ஜெனீவா ஏரியின் பிரெஞ்சுக் கரையில் தோனோன் என்ற ஊரில் சந்திரலால் படகிலிருந்து இறங்கியதும் பிடிபடுகிறார், உடனே விஷம் குடித்துச் சாகிறார்.

இவருக்கு மூலம் வீரேந்திரநாத் சட்டோபாத்யாய என்பதுதான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. சரோஜினி நாயுடுவின் தம்பி. லண்டனில் சட்டம் படித்தவர், பெர்லினில் இயங்கிய இந்தியப் புரட்சியாளர் குழுவின் மூளை. இன்னொன்றும் கவனியுங்கள்: மாமை வேலைக்கு எடுத்த ஜான் வாலிங்கர் இந்தியப் போலீஸ் அதிகாரி. ஐரோப்பாவில் இருந்த இந்தியப் புரட்சியாளர்களைக் கண்காணிக்க லண்டனில் உட்கார வைக்கப்பட்டவர்.

செண்பகராமனும் சுவிட்சர்லாந்தில்தானே இருந்தார்? எம்டன் கப்பலில் வந்து சென்னையில் குண்டு போட்டவரைப் பிடிக்கத்தானே மாமை அனுப்பினார்கள்? (மறுபடி நாகர்கோவில்)

அண்ணாச்சி, ஒன்றொன்றாக வருவோம். செண்பகராமன் சூரிச்சில் இருந்தார், உண்மை. 1914இல் அங்கே இந்திய ஆதரவுக் குழு ஒன்றை ஆரம்பித்தார். அதே ஆண்டே பெர்லினுக்குப் போய்விட்டார். மாம் ஜெனீவாவுக்கு வந்தது அடுத்த வருடம்.

எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையைத் தாக்கியது 1914 செப்டம்பர் 22 இரவு. அந்த மாதம் சூரிச்சில் குழு நடத்திக்கொண்டிருந்தவர் வங்காள விரிகுடாவில் எப்படி இருந்திருப்பார்? கப்பலில் அவர் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. என் தாத்தாவும் இந்தக் கதையைச் சொல்லித்தான் என்னைத் தூங்க வைத்தார். கதை நல்ல கதை.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எல்லாம் பொய் சொல்கிறார்களா? (நாகர்கோவில், மூன்றாம் முறை. ஆதரவாக மேலும் நான்கு பேர்)

பொய் என்று நான் சொல்லவில்லை. மாம் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள். துண்டு துண்டாகக் கிடைத்ததற்குத் தலையும் வாலும் வைத்தார்கள்.

மாம் என்ன செய்தார் பாருங்கள். நிஜத்தில் சட்டோபாத்யாய அந்த ஏரிக்கரையில் சாகவில்லை. போர் முடிந்தும் பெர்லினில் வாழ்ந்தார், பிறகு சோவியத் நாட்டுக்குப் போனார். 1937இல் ஸ்டாலின் காலத்துக் களையெடுப்பில் கொல்லப்பட்டார். பிரிட்டிஷ்காரர்களால் பிடிக்க முடியாத மனிதரைக் கதையில் பிடித்தாயிற்று. கோப்பில் முடியாமல் கிடந்ததை எழுத்தாளர் முடித்து வைத்தார். ஆனால் நியாயமாகச் சொன்னால், பிரிட்டிஷ் ஆட்சியைக் கிட்டத்தட்ட தனியாளாக எதிர்த்து நிற்பவன் என்று சந்திரலால் மேல் ஆஷெண்டனுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. அவருடைய மேலதிகாரிக்கு அது பிடிக்காது. அந்த இடத்துக்காகவே அதைப் படிக்கலாம்.

செண்பகராமன் வாதம் இத்துடன் போதும். இன்னும் ஒன்பது பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் படித்தேன்.

கிரகாம் கிரீனும் உளவாளியா? (புதுச்சேரி)

ஆமாம். ஆங்கில நாவலாசிரியர் கிரீன் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் உளவு வேலை பார்த்தார். அங்கே அவருடைய ரகசிய எண் 59200. பிறகு லண்டனில் போர்ச்சுகல் பிரிவு. மேலதிகாரி யார் தெரியுமா? சோவியத்துக்கு வேலை பார்த்த கிம் ஃபில்பி. லிஸ்பனில் இருந்த ஜெர்மன் உளவாளிகள் சிலர் இல்லாத ஆட்களின் பெயரில் கற்பனை அறிக்கைகளை அனுப்பிச் செலவுக்காசு வாங்கிக்கொண்டிருந்ததைக் கிரீன் கோப்புகளில் பார்த்தார். 1958இல் ஹவானாவில் தூசி உறிஞ்சும் இயந்திரம் விற்பவர், அதன் பாகங்களைப் பெரிதாக வரைந்து ரகசிய ராணுவத் தளம் என்று லண்டனுக்கு அனுப்பும் கதையாக அவருடைய நாவல் வந்தது. கதாநாயகனின் எண் 59200/5.

சிரிப்புக் கதைதான். ஆனால் இந்த வகையில் உண்மைக்கு மிகப் பக்கத்தில் நிற்பது இதுதான் என்பேன். பின்னட்டையில் உண்மைச் சம்பவம் என்று போட்டிருக்காது.

நம் நாட்டு அதிகாரிகள் ஏன் எழுதுவதில்லை? (திருச்சி)

எழுதியிருக்கிறார்கள். இந்தியாவின் வெளிநாட்டு உளவு அமைப்பான ராவில் உயர் பதவியிலிருந்த அமர் பூஷண் 2012இல் ஒரு நாவல் எழுதினார். 2004இல் அமெரிக்காவுக்குத் தப்பிய ரா அதிகாரி ஒருவரின் விவகாரம் அதன் பின்னணி. ராவில் இருந்த நம் பி. ராமன் 2007இல் எழுதியது நினைவுக் குறிப்பு. அதே வருடம் மேஜர் ஜெனரல் வி.கே. சிங் (முன்னாள் தரைப்படைத் தளபதி அல்ல, வேறொருவர்) ரா பற்றிப் புத்தகம் எழுதி, அலுவல் ரகசியச் சட்டத்தில் சிபிஐ வழக்கை வாங்கினார். 2021 மே மாதத்தில் ஓய்வூதிய விதியே மாறிவிட்டது. உளவு அமைப்புகளில் இருந்தவர்கள் துறை சார்ந்து எதையும் வெளியிட முன் அனுமதி வாங்க வேண்டும். பென்ஷனில் கை வைப்பார்கள் என்றால் யார் எழுதுவார்?

பிரிட்டனிலும் இதே கதைதான். எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சி 1932இல் தன் ஏதென்ஸ் உளவு அனுபவத்தை எழுதினார். வழக்குப் போட்டு 100 பவுண்டு அபராதம் விதித்தார்கள். மறு வருடமே உளவுத்துறையைக் கிண்டலடித்து நாவல் எழுதினார். அதற்கு வழக்கு இல்லை.

ரா அமைப்பில் சேர என்ன படிக்க வேண்டும்? (ஆறு பேர்)

தவறான கதவைத் தட்டுகிறீர்கள், தம்பிகளா. போட்டித் தேர்வு மையங்களில் கேளுங்கள்.

உண்மைச் சம்பவம் என்று போட்ட ஒரு உளவு நாவல் வாங்கினேன்... (கோவை)

மேலே பாருங்கள்.

பாண்ட் வைத்திருந்த துப்பாக்கி...

மேலே பாருங்கள்.

சந்திரலால் செத்த பிறகு அந்த நடனக்காரி என்ன ஆனாள்? (தஞ்சாவூர்)

இன்று வந்ததில் நல்ல கேள்வி இதுதான். ஆஷெண்டன் செய்தி சொல்லப் போகிறார். போன கிறிஸ்துமஸுக்குச் சந்திரலாலுக்குத் தான் கொடுத்த கைக்கடிகாரம், விலை பன்னிரண்டு பவுண்டு, அது திரும்பக் கிடைக்குமா என்று கேட்கிறாள். கதை அங்கேயே நின்றுவிடுகிறது. ஆஷெண்டன் என்ன பதில் சொன்னார் என்று மாம் எழுதவில்லை.