டெபாசிட் கட்ட நகையை வைக்கலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். நான் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். மகள் ஊர் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. கணக்கில் படு சுட்டி. அதிபுத்திசாலிப் பிள்ளைகளுக்கென்று பக்கத்தில் ஒரு சின்ன தனியார் பள்ளி இருக்கிறது. மொத்தமே 46 பிள்ளைகள். தேர்வு வைத்துப் பார்த்துவிட்டு ஆறாம் வகுப்பில் இடம் தருகிறோம் என்கிறார்கள். வருடக் கட்டணம் 72,000 ரூபாய், திருப்பித் தரும் டெபாசிட் 2 லட்சம். எட்டுப் பவுனை வங்கியில் வைத்துக் கட்டலாமா? செல்வமகள் கணக்கிலிருந்து எடுக்கலாமா? "கலாமுக்கே அக்கா நகையை அடகு வைத்துத்தானே படிக்க வைத்தார்" என்கிறார் மாமியார்.
- ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: டெபாசிட்டுக்காக நகையை வைக்காதீர்கள் அம்மா.

திரும்பி வரும் பணம்தானே என்று தோன்றும். நகைக்கடன் வட்டி 9 சதவீதம் என்று வையுங்கள்: 2 லட்சத்துக்கு வருடம் 18,000. அப்படியென்றால் கட்டணம் 72,000 இல்லை, 90,000. பன்னிரண்டாம் வகுப்பு வரை ஏழு வருடத்தில் வட்டி மட்டுமே 1,26,000 போய்விடும். அசல் அப்படியே நிற்கும்.

அந்த அசல் வருமா? பள்ளியின் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 46 பிள்ளைகள், தலைக்கு 72,000 என்றால் சுமார் 33 லட்சம். எட்டு ஆசிரியர்களுக்கு மாதம் 25,000 கொடுத்தாலே 24 லட்சம் போச்சு. வாடகை, வேன், கரன்ட் எல்லாம் மிச்ச 9 லட்சத்தில். எட்டுப் பிள்ளைகள் டி.சி. வாங்கிக்கொண்டு போனால் அதிலும் ஐந்தே முக்கால் லட்சம் காலி. நடத்துகிறவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். பள்ளியை மூட நேர்ந்தால் உங்கள் 2 லட்சத்துக்கு ஈடாக உங்கள் கையில் என்ன இருக்கும்?

அடுத்தது, உங்களுக்குத் தெரிந்ததுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், படகு கரையில். பள்ளிக் கட்டணம் கேட்பது ஜூனில்! அரசு தரும் தடைக்கால நிவாரணம் அரிசிக்கும் மளிகைக்கும்தான் சரியாக இருக்கும்.

செல்வமகள் கணக்கைத் தொட முடியாது. பத்தாம் வகுப்பு முடித்தாலோ 18 வயதானாலோதான், அதுவும் பாதித் தொகை வரை, படிப்புக்கென்று எடுக்கலாம். நல்லதாகப் போயிற்று. 8.2 சதவீத வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, ஓடட்டும்.

பலரும் கணக்கில் சேர்க்காத செலவு ஒன்று உண்டு. அரசுப் பள்ளியை விட்டு வெளியே வந்தால் கையைவிட்டுப் போகிறவை. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி, திறன் உதவித்தொகைத் தேர்வு: தேறினால் வருடம் 12,000 வீதம் நான்கு வருடம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000. இவற்றைவிடப் பெரியது மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத இடஒதுக்கீடு. அதில் சேர்ந்தால் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கணக்கில் சுட்டியான பெண்ணுக்கு இது சின்ன விஷயமா? ஒன்பதாம் வகுப்பில் அரசு மாதிரிப் பள்ளிக்கும் முயலலாம். விடுதி, சாப்பாடு இலவசம்.

மாமியார் சொன்னது உண்மைதான். ஆனால் அக்கா ஜொஹரா நகையை வைத்தது சென்னை எம்.ஐ.டி.யில் பொறியியல் சேர. முடித்தால் வேலை என்று தெரிந்த படிப்பு அது. கலாம் உயர்நிலைப் பள்ளி படித்தது ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில். உங்கள் எட்டுப் பவுனுக்கும் அப்படியொரு நாள் வரும். அதுவரை பீரோவில் இருக்கட்டும்.

இப்போதைக்கு அஞ்சலகத்தில் மாதம் 1,500 ஆர்.டி. போடுங்கள். மீன்பாடு குறைந்த மாதத்தில் கடைப் பணத்திலிருந்து கட்டுங்கள். கணக்குக்கு ஒரு நல்ல டியூஷன் போதும்.

அப்புறமும் மனசு கேட்கவில்லை என்றால் பள்ளிக்கே போய் அங்கீகார ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்பு வரை தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சலிக்கக் கூடாது, அறிவித்த கட்டணத்துக்கு மேல் எந்தத் தொகையும் வாங்கக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. 'டெபாசிட் 2 லட்சம், இந்தத் தேதியில் திருப்பித் தரப்படும்' என்று ரசீது எழுதித் தருவீர்களா என்று கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.