புண் ஆறிய பிறகும் ஓராண்டு மாத்திரை எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. வலது கருவிழியில் ஹெர்பிஸ் வைரஸ் தொற்று இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை வந்து, இம்முறை ஆழத்தில் தழும்பும் விழுந்துவிட்டது. புண் ஆறிவிட்டது என்று சொல்லும் மருத்துவரே, அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் மாத்திரையை ஓராண்டுக்குத் தினமும் இரு வேளை சாப்பிடச் சொல்கிறார். ஆறிய நோய்க்கு எதற்கு மருந்து? சிறுநீரகம் கெடாதா?
– வாசகி, விருதுநகர்

பதில்: ஆறியது புண்தான், வைரஸ் உடலை விட்டுப் போகவில்லை. உதட்டோரம் கொப்புளம் உண்டாக்கும் அதே வைரஸ், முகத்தின் உணர்ச்சி நரம்பு முடிச்சில் வாழ்நாள் முழுவதும் உறங்கிக் கிடந்து, எப்போதாவது விழித்து, நரம்பு வழியே கருவிழிக்கு வந்து சேர்கிறது. உறங்கும் வைரஸை அசைக்ளோவிரால் அழிக்க முடியாது. பெருகத் தொடங்கும்போது மட்டுமே தடுக்க முடியும். அதனால்தான் தினசரி மாத்திரை.

இதற்கு வலுவான சான்று உண்டு. அமெரிக்காவில் 703 பேரிடம் நடத்தப்பட்டு 1998-இல் வெளியான ஆய்வில், உங்கள் கணவருக்குச் சொல்லப்பட்ட இதே அளவு மருந்தை ஓராண்டு சாப்பிட்டவர்களில் 19 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 32 சதவீதத்தினருக்கும் கண்ணில் நோய் திரும்பியது. பார்வையைப் பறிப்பது ஆழ்படல அழற்சிதான், அதாவது கருவிழியின் ஆழமான அடுக்கில் வரும் வீக்கம். முன்பே அது வந்தவர்களிடம் அது மீண்டும் வருவது 28 சதவீதத்திலிருந்து 14 ஆகப் பாதியாகக் குறைந்தது. உங்கள் கணவர் இந்த வகையினர் என்பதால், நான் பார்த்திருந்தாலும் இதையே எழுதிக் கொடுத்திருப்பேன். ஏற்கெனவே விழுந்த தழும்பை மாத்திரை போக்காது. அடுத்த தழும்பைத் தடுக்கவே அது.

இம்மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. ஆகவே சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதும், போதிய தண்ணீர் குடிப்பதும் அவசியம். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருத்துவர் அளவைக் குறைப்பார். சீராக இயங்கும் சிறுநீரகம் உள்ள பெரும்பாலோர் இந்த அளவைச் சிக்கலின்றித் தாங்குகிறார்கள். ஓராண்டுக்குப் பின் நிறுத்துவதா, தொடர்வதா என்பதைக் கண்ணைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வீட்டில் மீந்திருக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை அவராக எடுத்து ஊற்ற வேண்டாம். ஆழ்படல அழற்சிக்கு அது தேவைப்படும் மருந்தே என்றாலும், மேற்பரப்பில் வைரஸ் புண் இருக்கும்போது ஊற்றினால் புண் பரவிவிடும். சிவப்பு, கண் கூச்சம், நீர் வடிதல், மங்கல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். இந்நோய் கருவிழியின் உணர்ச்சியையே மழுங்கச் செய்வதால், வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம்.