போடிங் பார்ட்டி, போதை, "பேசித் தீர்த்த" கடிதம்: சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி: கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். மகளுக்கு 19 வயது. கண்டியில் போடிங் எடுத்துப் படிக்கப் போகிறாள். மகனுக்கு 21, அவனும் அங்கேதான் ஒரு கோர்ஸ் செய்கிறான். போன வருஷம் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையொன்றுக்கு, கூடப் படிக்கும் பையனின் பிறந்தநாள் பார்ட்டியில் எதையோ குடிக்கக் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, கடிதம் எழுதி, காசு கொடுத்து முடித்துவிட்டார்கள். "அவளாகத்தானே போனாள், அவளாகத்தானே குடித்தாள், கேஸ் நிற்காது" என்றார்கள். இது சரியா? என் பிள்ளைகளுக்கு என்ன சொல்லி அனுப்புவது?

பதில்: சரியில்லை அம்மா. கேஸ் நிற்காது என்றதும் பிழை, பேசி முடித்ததும் பிழை.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவு, 1995இன் 22ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டது. அதன்படி, ஒரு பெண்ணுக்கு அந்த ஆணோ வேறொருவரோ மதுவையோ போதைப்பொருளையோ கொடுத்து, அந்த நிலையில் அவளிடம் சம்மதம் வாங்கியிருந்தாலும் அது பாலியல் வல்லுறவுதான். அவளே விரும்பிக் குடித்திருந்தால்? அப்போதும், தனக்கு என்ன நடக்கிறது என்று விளங்காத அளவு போதையில் இருப்பவர் சொல்லும் "சரி"யைச் சட்டம் சம்மதமாக எடுப்பதில்லை. பார்ட்டிக்குப் போக ஒத்துக்கொண்டது பார்ட்டிக்குப் போக மட்டும்தான். அவள் உடம்பில் காயம் இல்லை, கத்தவில்லை, தள்ளிவிடவில்லை என்பதும் தடையல்ல. எதிர்த்ததற்கான காயம் அவசியமில்லை என்று அதே பிரிவின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. 364ஆம் பிரிவு சொல்லும் தண்டனை 7 முதல் 20 வருடம் வரை கடூழியச் சிறை, தண்டப்பணம், அதோடு பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு. ஆண் பிள்ளைக்கு இப்படி நடந்தால் 363 பொருந்தாது. 365B என்ற பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகப் பிரிவு பொருந்தும்.

அடுத்தது அந்தக் கடிதம். இந்தக் குற்றத்தைத் தோட்டத் தலைவரோ, தொழிற்சங்கக் காரியாலயமோ, கோயில் கமிட்டியோ, பொலிஸ் நிலையமோ இணக்கமாக்க முடியாது. மத்தியஸ்த சபைக்கும் அந்த அதிகாரம் கிடையாது. முத்திரையில் கையெழுத்து வாங்கினாலும் முறைப்பாடு செய்யும் உரிமை போகாது. பையனுக்கே கட்டி வைத்தாலும் குற்றம் குற்றம்தான். குற்றத்தை மறைக்கக் காசு வாங்குவது தனிக் குற்றமாகிவிடும் என்பதைப் பேசித் தீர்க்க வரும் பெரியவர்கள் யோசிப்பதேயில்லை. ஒரு வருஷம் போய்விட்டதே என்று நினைக்க வேண்டாம். இப்படியான குற்றத்துக்கு வழக்குத் தொடரும் காலம் 20 வருடம். தாமதம் ஏன் என்று நீதிமன்றம் கேட்கும். மிரட்டினார்கள், பெரியவர்கள் தடுத்தார்கள் என்ற காரணத்தை முதல் வாக்குமூலத்திலேயே எழுத வைக்க வேண்டும். அந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அன்று என்ன நடந்தது என்பதற்கு அதுவும் ஒரு சான்று. ஆனால் அந்தப் பிள்ளைக்கு 18 வயது தாண்டியிருந்தால், முறைப்பாடு செய்வதா இல்லையா என்று முடிவெடுப்பது அவள்தான், அப்பாவோ மாமாவோ அல்ல.

இனி உங்கள் மகளுக்கு. "இருட்டில் நடக்காதே, தெரியாதவனோடு பேசாதே" என்பதோடு நம் வீடுகளில் புத்திமதி முடிந்துவிடுகிறது. இந்தவகைக் குற்றத்தைச் செய்கிறவர் பெரும்பாலும் தெரிந்தவர்தான். பேட்ச் மேட், சீனியர், காதலன், அவனுடைய நண்பன். இடமும் தெருவோரம் அல்ல, அறை. போதைமருந்து என்றதும் சினிமாவில் வரும் வெள்ளைப் பொடி நினைவுக்கு வரும். நடைமுறையில் அதிகம் பாவிக்கப்படுவது மதுதான். சோடாவில், பழச்சாற்றில் கூடுதலாக ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் மூடி உடையாத போத்தலைத் தானே திறந்து குடிக்கட்டும். மேசையில் வைத்துவிட்டுப் போன கிளாஸைத் திரும்பத் தொட வேண்டாம். ருசி, நிறம் மாறவில்லை என்று நம்பவும் முடியாது, சில மருந்துகளுக்கு இரண்டுமே இல்லை. இரண்டு மடக்குக்கே தலை சுற்றுகிறது, நாக்கு தடுமாறுகிறது, கால் நிற்கவில்லை என்றால் அது சாதாரணம் இல்லை. உடனே கூட வந்த தோழியிடம் சொல்லி, அவளோடு வெளியேற வேண்டும். தோழி அப்படி ஆகிவிட்டால் தனியே ஒரு ஆணோடு "கொண்டுபோய் விடுகிறேன்" என்று அனுப்பக்கூடாது. மயங்கினால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990க்கு அழைக்க வேண்டும். அம்புலன்ஸ் இலவசம்.

போகும்போது இரண்டு பேராகப் போய், அதே இரண்டு பேராகத் திரும்புவது என்று முன்பே பேசிக்கொள்ளட்டும். கண்டியிலிருந்து ஹட்டன் பக்கம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்திருக்க வேண்டும். பஸ் தவறினால் போடிங்குக்குத் திரும்ப ஆட்டோவுக்கு வேண்டிய காசைப் பேர்ஸில் தனியாக வைத்துக் கொடுங்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான் வருகிறது: கையில் காசில்லாத பிள்ளைதான் யார் வண்டியிலாவது ஏறும். போனில் லொக்கேஷன் அனுப்பச் சொல்வது நல்லதுதான், ஆனால் மலைப்பக்கம் சிக்னல் எங்கே விழும் என்று உங்களுக்குத் தெரியும். ஏறுவதற்கு முன்பே ஆட்டோ நம்பரை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பிவிட வேண்டும்.

இவற்றையெல்லாம் விடப் பெரியது உங்கள் வாக்குறுதி. "நடுராத்திரி ஆனாலும் போன் எடு, வந்து கூட்டிப்போவோம், திட்ட மாட்டோம், படிப்பை நிறுத்த மாட்டோம்" என்று சொல்லி அனுப்புங்கள். முறைப்பாடு தாமதமாவதற்கு வீட்டாரின் கோபத்துக்குப் பயந்ததும் ஒரு பெரிய காரணம்.

நடக்கக்கூடாதது நடந்துவிட்டால் முதல் 72 மணித்தியாலம் முக்கியம். குளிக்க வேண்டாம், உடை மாற்ற வேண்டாம். மாற்றியாகிவிட்டால் துவைக்காமல் ஒவ்வொரு துணியையும் தனித்தனிக் காகிதப் பையில் போட வேண்டும். பொலித்தீன் பையில் ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும், மரபணுச் சான்று கெடும். நம் பக்கத்துக் குளிரில் துணி நனைந்திருந்தால் வீட்டுக்குள் நிழலில் காய விட்டுப் பையில் போடுங்கள், அடுப்புக்குப் பக்கத்தில் அல்ல. போதை கொடுத்திருப்பார்கள் என்ற சந்தேகம் இருந்தால் முதல் சிறுநீரை வீணாக்க வேண்டாம். வைத்தியசாலை தூரமென்றால் சுத்தமான போத்தலில் பிடித்துக் கொண்டுபோங்கள். சில மருந்துகள் அரை நாளுக்குள் உடம்பைவிட்டுப் போய்விடும், மதுவும் சில மணித்தியாலங்களில் போய்விடும். 72 மணித்தியாலம் தாண்டிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடவும் வேண்டாம். சான்று குறையலாம், வழக்கு இல்லாமல் போவதில்லை.

தோட்ட டிஸ்பென்சரி இதற்குப் போதாது. சட்ட வைத்திய அதிகாரி இருக்கும் அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கண்டி, பேராதனை, நுவரெலியா, பதுளை போன்ற பெரிய வைத்தியசாலைகளில் அந்த வசதி உண்டு. நேரே வைத்தியசாலைக்கே போகலாம், முதலில் பொலிஸ் என்று கட்டாயமில்லை. வைத்தியசாலையிலுள்ள பொலிஸ் காவலரணிலேயே பரிசோதனைப் படிவம் கிடைக்கும். பிள்ளையின் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்க முடியாது. கூட ஒரு பெண் இருக்கலாம். செலவில்லை. பல அரச வைத்தியசாலைகளில் 'மித்துரு பியச' என்ற நட்பு நிலையம் இருக்கிறது, அங்கே பேசுவது இரகசியமாக இருக்கும்.

கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மாத்திரையையும் அந்த நேரத்திலேயே கேளுங்கள். 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இலங்கையில் தாயின் உயிரைக் காப்பாற்றத் தவிர கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தருவதில்லை. வல்லுறவால் வந்த கர்ப்பமும் அதற்கு விதிவிலக்கல்ல. அதனால் இதை வெட்கப்பட்டுத் தள்ளிப்போடவே கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் 72 மணித்தியாலத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், 28 நாள் எடுக்க வேண்டும்.

பொலிஸில் மலையகத்து மக்களுக்கு வரும் பெரிய இடையூறு மொழி. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவின்படி, சொல்கிற மொழியிலேயே முறைப்பாடு எழுதப்பட வேண்டும். அது முடியாவிட்டால் நீங்களே தமிழில் எழுதிக் கொடுக்கலாம். அதுவும் முடியாமல் சிங்களத்தில் எழுதினால், ஏன் என்று காரணம் குறித்து, எழுதியதை உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லிக்காட்ட வேண்டும். சொல்லிக்காட்டாத வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். "அவள் சம்மதித்தாள்", "அவள் பேசவில்லை", "அவளால் பேச முடியவில்லை" இந்த மூன்றும் மொழிபெயர்ப்பில் இடம் மாறினால் வழக்கே மாறிவிடும். பெண் பொலிஸ் உத்தியோகத்தர் வேண்டும் என்று கேளுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்க மறுத்தால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அலுவலகத்துக்குப் போகலாம், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கண்டிப் பிராந்திய அலுவலகத்திலும் முறையிடலாம். ஆலோசனைக்குப் பெண்கள் உதவி இலக்கம் 1938. அவசரத்துக்கு 119.

முதலில் யாரிடம் சொன்னாளோ அவர் முக்கியமான சாட்சி. அந்தத் தோழியின் பெயர், சொன்ன நேரம், சொன்ன வார்த்தைகள் வாக்குமூலத்தில் வரட்டும். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, போனையே பத்திரமாக வைத்திருங்கள். தானாக மறையும் செய்தியென்றால் இன்னொரு போனால் படம் எடுத்துவிடுங்கள். கடை, விடுதி சிசிடிவியில் சில நாட்களில் பழைய பதிவு அழிந்து புதியது பதிந்துவிடும், எனவே எந்தக் கெமரா என்று முதல் நாளே பொலிஸிடம் குறிப்பிட வேண்டும். அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டினால் காசு கொடுக்காதீர்கள், கொடுத்தால் திரும்பவும் கேட்பார்கள். அந்தப் படத்தை யாருக்கும், "ஆதாரம்" என்று எனக்கும்கூட, அனுப்ப வேண்டாம். பொலிஸிடம் போனைக் காட்டினால் போதும். பிள்ளையின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது 365C பிரிவின்படி 2 வருடம் வரை சிறைக்குரிய குற்றம். அது பத்திரிகைக்கும் பொருந்தும், தோட்டத்து வாட்ஸ்அப் குழுவுக்கும் பொருந்தும்.

வழக்கு மேல் நீதிமன்றத்தில் நடக்கும். சட்டமா அதிபர் தொடுப்பது, அதனால் உங்களுக்குச் சட்டத்தரணிக் கட்டணம் அவசியமில்லை. மகள் சார்பில் ஒருவர் கவனித்துக்கொள்ள வேண்டுமென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வருடக்கணக்கில் இழுக்கும் என்பதை மறைக்க மாட்டேன். இடையில் அந்தப் பையன் பிணையில் வெளியே வந்தால் வழக்கு தோற்றதாக அர்த்தமில்லை. சாட்சியை மிரட்டினால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023இன் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அது தனிக் குற்றம். இன்னொரு சாட்சி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். நம்பத்தக்க ஒரே சாட்சியத்தின் பேரில் தண்டிக்கலாம். இத்தனை சாட்சி வேண்டும் என்ற எண்ணிக்கை சாட்சியக் கட்டளைச் சட்டத்தில் இல்லை.

மகனுக்கு? மகளுக்குச் சொல்வதில் பாதி நேரமாவது அவனிடமும் பேசுங்கள். குடித்துத் தள்ளாடும் பெண்ணிடம் கேட்கும் சம்மதம் சம்மதமல்ல. காதலி என்பதாலும் மாறாது, நேற்று ஒத்துக்கொண்டாள் என்பதாலும் மாறாது. சந்தேகமென்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்ளட்டும். அதைவிட முக்கியம் "நான் ஒன்றும் செய்யவில்லை, வெளியேதான் நின்றேன்" என்ற பேச்சு. 364(2) பிரிவின்படி ஒரு குழுவாகச் செய்யும்போது, செய்தவனுக்கும் அதற்கு உடந்தையாக இருந்தவனுக்கும் கூட்டு வல்லுறவுக் குற்றமே. தண்டனை 10 முதல் 20 வருடம் வரை. கதவுக்கு வெளியே காவல் நின்றவன், போத்தல் வாங்கி வந்து ஊற்றிக்கொடுத்தவன், போனில் படம் எடுத்தவன், எல்லோரும் அதற்குள் வரலாம். அப்படி ஒரு அறையில் அவன் இருக்க நேர்ந்தால் கதவைத் தட்டட்டும், விளக்கைப் போடட்டும், 119க்கு அழைக்கட்டும். அழைத்த நேரம் போனில் பதிந்திருக்கும், பிறகு அவன் எந்தப் பக்கம் நின்றான் என்று காட்ட அதுவும் உதவும்.