பழைய பிக்கப் வண்டில ஷாக் அப்சார்பர் தேஞ்சா ஏன் மாத்தணும்?

ஷாக் அப்சார்பர்ங்கிறது ஸ்பிரிங் ஆடுற ஆட்டத்தை அடக்குற எண்ணெய்க் குழாய், உள்ள இருக்கிற பிஸ்டன் சின்ன ஓட்டை வழியா எண்ணெயைத் தள்ளும்போது அந்த வேகம் சூடா மாறி ஆட்டம் அடங்கிடும். ஊஞ்சலை ஒரு தடவை தள்ளிவிட்டா ஆடிக்கிட்டே இருக்கும்ல, கை வச்சுப் பிடிச்சா நிக்கும், அந்தக் கைதான் இது.

எண்ணெய் வெளிய வராம அடைச்சிருக்கிற ரப்பர் சீல் தேஞ்சு எண்ணெய் கசிஞ்சா கையே இல்லாத மாதிரி, டயர் ரோட்டை விட்டுத் துள்ளும், பிரேக் சரியா பிடிக்காது, டயரும் திட்டுத்திட்டா தேயும். குழாய் மேல எண்ணெயில தூசி அப்பிக் கறுப்பா ஈரமா இருந்தா தள்ளிப்போடாதீங்க, உயிர் விஷயம்ங்க. மாத்தும்போது ரெண்டு பக்கமும் சேர்த்தே மாத்துங்க, வண்டியை ஜாக்கில இருந்து இறக்கி சக்கரத்துல வெயிட் வந்தப்புறம் ஷாக்கோட முனையில இருக்கிற ரப்பர் புஷ்ஷைப் பிடிக்கிற போல்ட்டை முழுசா டைட் பண்ணுங்க, இல்லேன்னா ரப்பர் முறுக்கிக்கிட்டு சீக்கிரம் கிழியும்.

புது ஷாக் போட்டா தொங்குற பின்பக்கம் தூக்கிக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா லோடைத் தாங்குறது பட்டை பட்டையா அடுக்கின லீஃப் ஸ்பிரிங்தான், ஷாக் இல்ல.