தலைவர் வரும் வரை

அன்புள்ள சார்,

எங்கள் கல்லூரியில் மாணவர்களுக்கு ‘செல்மா’ (2014) படத்தைத் திரையிட்டோம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக 1965இல் மார்ட்டின் லூதர் கிங் நடத்திய போராட்டத்தைப் பற்றிய படம். எனக்கு ஒரு சந்தேகம். அதிபர் ஜான்சனை இந்தப் படம் அநியாயமாகக் காட்டுகிறது என்று அவருடன் வேலை பார்த்தவரே எழுதியிருக்கிறார். உண்மைச் சம்பவத்தைப் படமாக்கும்போது இப்படி மாற்றலாமா? இன்னொன்று, படம் ஓடும்போது பாதி மாணவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிங் மாதிரி ஒரு தலைவர் இன்று இல்லை, அதனால்தான் எந்த அநீதிக்கு எதிராகவும் யாரும் எழுந்து நிற்பதில்லை என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ர.

அன்புள்ள ர,

ஜான்சன் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். படத்தில் காட்டியதைவிட அவர் கிங்குக்கு அனுசரணையாகவே இருந்தார். 1965 ஜனவரியில் இருவரும் தொலைபேசியில் பேசிய ஒலிப்பதிவு இருக்கிறது. வாக்குரிமை மறுக்கப்படுவதற்கு மிக மோசமான உதாரணங்களைத் தேடிப்பிடித்து ஊரறியச் சொல்லுங்கள் என்று அதிபரே கேட்டுக்கொள்கிறார். அதற்காக, செல்மா போராட்டமே அவருடைய யோசனை என்று அவர் ஆட்கள் எழுதியது அதைவிடப் பெரிய அநியாயம். கிங் மேடையில் பேசுகிற வசனங்கள்கூட அந்தப் படத்தில் அவருடையவை அல்ல. பேச்சுகளின் உரிமை வேறு இடத்தில் இருந்ததால் இயக்குநர் அவா டுவெர்னே புதிதாக எழுத வேண்டிவந்தது. அதைப் பற்றி யாரும் இவ்வளவு சத்தம் போடவில்லை. அதிபரின் பெயருக்குக் களங்கம் என்றால் மட்டும் எல்லோருக்கும் வரலாற்றுப் பற்று வந்துவிடுகிறது. போதும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். சில காலமாகவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த விஷயம், நீங்கள் வந்து கிளறிவிட்டீர்கள். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தலைவர் இல்லை, அதனால் எதுவும் நடப்பதில்லை என்று ஒரு ஆசிரியர் எழுதலாமா? அதுவும் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு?

கிங் செல்மாவுக்கு வந்து பேசியது 1965 ஜனவரி 2. யார் அழைத்து வந்தார்? டல்லஸ் கவுண்டி (செல்மா ஊர் இருக்கும் மாவட்டம்) வாக்காளர் கழகம் என்ற உள்ளூர் அமைப்பு. அமேலியா பாய்ண்டன் என்ற பெண்மணியும் அவர் கணவரும் 1930களிலிருந்தே அந்த ஊரில் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க அலைந்துகொண்டிருந்தார்கள். மாணவர் இயக்கத்திலிருந்து பெர்னார்ட் லஃபயெட் என்ற இளைஞர் 1963இலேயே அங்கே வந்து தங்கி வேலையைத் தொடங்கியிருந்தார். அந்தக் கவுண்டியில் வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பினத்தவர் ஏறத்தாழ 15,000 பேர், பட்டியலில் இருந்தவர்கள் 300 சொச்சம். பதிவு அலுவலகம் மாதத்தில் முதல் திங்களும் மூன்றாம் திங்களும் மட்டும்தான் திறந்திருக்கும். அந்த இரண்டு நாளில் வேலையை விட்டுவிட்டுப் போய் வரிசையில் நிற்க வேண்டும். நின்றது தெரிந்தால் வெள்ளை முதலாளி மறுநாள் சீட்டைக் கிழித்துவிடுவார். அதற்கு மேல் எழுத்தறிவுத் தேர்வு, அரசியலமைப்புச் சட்டத்தில் கேள்வி. படத்தில் ஓப்ரா வின்ஃப்ரி நடித்த ஆனி லீ கூப்பரிடம், அலபாமாவில் எத்தனை கவுண்டி நீதிபதிகள் என்று குமாஸ்தா கேட்பான். 67 என்று சரியாகச் சொல்லுவார். அப்படியானால் 67 பேரின் பெயரையும் சொல் என்பான்! உங்கள் மாணவர்கள் அந்தக் காட்சியிலாவது தலையை நிமிர்த்தினார்களா?

நிஜ ஆனி லீ கூப்பர் 1963 அக்டோபர் 7 அன்று அந்த வரிசையில் நின்றார். அதற்காக அவர் வேலை போயிற்று. அன்று நீதிமன்றத்துக்கு வெளியே 300 பேருக்கு மேல் வெயிலில் நின்றிருந்தார்கள். நகர்ந்தால் இடம் போய்விடும், சாப்பிடப் போக முடியாது, தண்ணீர் குடிக்கப் போக முடியாது. வரிசையில் நிற்பவர்களுக்குச் சாண்ட்விச்சும் தண்ணீரும் கொண்டுபோன இளைஞர்களைப் போலீஸ் அடித்து, மாட்டை விரட்டும் மின்கோலால் குத்தி, இழுத்துக்கொண்டு போனது. அந்த வரிசை அன்று நகரவேயில்லை என்றுதான் சொல்ல வேண்டும், மிகச் சிலரையே உள்ளே விட்டார்கள். ஆனாலும் சாயங்காலம் வரை நின்றார்கள். கிங் அந்த ஊருக்கு வந்து பேசுவதற்கு ஒரு வருஷத்துக்கும் மேல் இருந்தது. 1964இல் உள்ளூர் நீதிபதி ஒருவர், உரிமை இயக்கங்களின் பெயரில் மூன்று பேர் சேர்ந்து பேசினாலே குற்றம் என்று தடை போட்டுவிட்டார். அந்தத் தடையை உடைக்கத்தான் கிங்கை அழைத்தார்கள். நடந்துகொண்டிருந்த போராட்டத்துக்குக் கிங் வந்து சேர்ந்தார். அவர் பெருமையைக் குறைக்கச் சொல்லவில்லை, அவர் வந்ததால்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஆனால் அவருக்காக யாரும் அங்கே காத்திருக்கவில்லை.

மேரி ஃபாஸ்டர் என்ற பெண்ணைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். செல்மாவில் பல் மருத்துவர் ஒருவரிடம் வேலை பார்த்தவர். பதிவுத் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்கடிக்கப்பட்டு ஒருவழியாக வாக்காளர் ஆனவர். அந்தத் தேர்வுக்கு மற்றவர்களைத் தயார்ப்படுத்த 1963இல் ஒரு வகுப்பு ஆரம்பித்தார். முதல் நாள் வந்தது ஒரே ஒருவர். எழுபது வயதுக் கிழவர். அவருக்கு அன்று கற்றுக்கொடுத்தது அவருடைய பெயரை எழுத.

இதைப் படித்தபோது எனக்கு என் பெரியம்மா நினைவு வந்தது. ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு அவருடன் துணைக்குப் போவேன். கவுண்டரை ஒட்டிய சுவரில் ஆள் உயரத்துக்கு நீல நீலமாகத் தீற்றியிருக்கும், கைநாட்டு வைத்தவர்கள் மையைத் துடைத்த இடம். பெரியம்மா மட்டும் சுவரில் துடைக்க மாட்டார், முந்தானையின் உள்பக்கத்தில் துடைத்து அதை மடித்துச் செருகிக்கொள்வார். ஐம்பது தாண்டித்தான் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கையெழுத்துப் பழகினார். முதல் தடவை அவர் எழுத்துக்கூட்டி எழுதி முடிக்கும் வரை பேனாவைத் திரும்பக் கேட்டு நீட்டிய கையை அந்த குமாஸ்தா மடக்கவேயில்லை. பெரியம்மா அவசரப்படவில்லை. கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்துவிட்டுத்தான் கொடுத்தார். செல்மா வேறு, எங்கள் ஊர் வேறு, தெரியும். அந்தக் கிழவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒற்றை மாணவருக்காக மேரி ஃபாஸ்டர் வகுப்பை நடத்தினார், அடுத்த வாரமும் நடத்தினார் என்பதுதான் எனக்கு அந்தப் போராட்டத்திலேயே பெரிய விஷயமாகப் படுகிறது. நீங்கள் அரங்கில் பாதிப் பேர் போனைப் பார்த்தார்கள் என்று மனம் விட்டுப்போய் எழுதுகிறீர்கள். மீதிப் பாதி படத்தைத்தானே பார்த்தது?

1965 மார்ச் 7 ஞாயிற்றுக்கிழமை செல்மாவின் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் நடந்ததைப் படம் நன்றாகவே எடுத்திருக்கிறது. மாநிலத் தலைநகர் மாண்ட்கோமரிக்கு நடந்தே கிளம்பிய ஏறத்தாழ 600 பேர், முன்னால் ஜான் லூயிஸும் ஹோசியா வில்லியம்ஸும், எதிரே தடியும் கண்ணீர்ப்புகையும் குதிரையுமாகப் போலீஸ். ஏபிசி தொலைக்காட்சியில் அன்றிரவு நாஜி நீதிபதிகள் மீதான விசாரணையைப் பற்றிய ‘ஜட்ஜ்மென்ட் அட் நியூரம்பெர்க்’ ஓடிக்கொண்டிருந்தது. அதை நடுவில் நிறுத்திப் பாலத்துக் காட்சியைப் போட்டார்கள். கிங் அன்று பாலத்தில் இல்லை. அட்லாண்டாவில் இருந்தார். தலைவர் இல்லாத நாளில்தான் அமேலியா பாய்ண்டன் அடிபட்டு நினைவிழந்து சாலையில் கிடந்தார். மேரி ஃபாஸ்டரும் அன்று அடிபட்டவர். வீங்கின முட்டியோடு இரண்டு வாரம் கழித்து மாண்ட்கோமரி வரை 54 மைல், ஐந்து நாள், நடந்தே போனார். ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. மக்களை அடித்து விரட்டிய ஷெரீஃப் ஜிம் கிளார்க்கை அடுத்த வருஷமே அதே மக்கள் ஓட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அப்புறம், சட்டம் வந்ததோடு எல்லாம் முடிந்தது என்று மாணவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். 2013இல், படம் வருவதற்கு முந்தைய வருஷம், அதே அலபாமாவின் ஷெல்பி கவுண்டி தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியமான பகுதியை ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் முடக்கியது. அதற்கு எதிரான வேலையையும் இன்று செய்துகொண்டிருப்பவர்கள் படிவமும் பட்டியலுமாக வீடு வீடாகப் போகிறவர்கள்தான்.

அடுத்த வகுப்பில் படத்தில் வராத ஒன்றைச் சொல்லுங்கள். 1965 ஜனவரி 22 அன்று செல்மாவின் கறுப்பின ஆசிரியர்கள் நூறு பேருக்கு மேல், ஃப்ரெட்ரிக் ரீஸ் என்ற சக ஆசிரியர் தலைமையில், பள்ளி முடிந்ததும் நீதிமன்றத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது வெள்ளையர்களின் பள்ளி நிர்வாகம். சிறைக்குப் போகத் தயார் என்று காட்டப் பல்துலக்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போனார்கள். கிளார்க்கின் ஆட்கள் அவர்களைப் படியிலிருந்து தள்ளிவிட்டார்கள்; எழுந்து மறுபடி ஏறினார்கள். தங்கள் வாத்தியார்கள் போவதைப் பார்த்த பிறகு பிள்ளைகள் இன்னும் கூட்டம் கூட்டமாகத் தெருவுக்கு வந்தார்கள். நீங்களும் வாத்தியார்தானே ர. சொல்லிப் பாருங்கள், போனை வைக்கிறார்களா என்று எனக்கு எழுதுங்கள்.