சிசேரியன் ஆனாலும் குழந்தையை உடனே மார்பில் போடலாம்

கேள்வி: அடுத்த வாரம் எனக்குச் சிசேரியன். பிறந்ததும் குழந்தையை மார்பில் போட்டுக்கொள்ள முடியுமா? முதல் பிரசவத்தில் இரண்டு நாள் பால் இறங்காததால் பவுடர் பால் கொடுத்தோம். இந்த முறையும் அப்படி ஆகிவிடுமோ?

பதில்: முடியும். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் அறுவையில் நீங்கள் விழித்தேதான் இருப்பீர்கள். இருவரும் நலமாக இருந்தால், தையல் போடும்போதே குழந்தையைத் தரச் சொல்லலாம். மருத்துவரிடமும் மயக்க மருத்துவரிடமும் இப்போதே பேசிவையுங்கள். இதயத்துடிப்பு பார்க்கும் ஒட்டிகளை மார்பின் நடுவில் ஒட்டாமல் தள்ளி ஒட்டினால், குழந்தைக்கு இடம் கிடைக்கும்.

குழந்தையைத் துடைத்து, ஈரத்துணியை எடுத்துவிட்டு, வெற்றுடம்பாக உங்கள் வெறும் மார்பில் குப்புறக் கிடத்துவார்கள். தலைக்குத் தொப்பி, முதுகுக்குமேல் உலர்ந்த துணி. முகம் ஒரு பக்கம் திரும்பி, மூக்கும் வாயும் எப்போதும் கண்ணில் படவேண்டும். கழுத்து மடங்கக் கூடாது. மருந்தின் அசதியில் நீங்கள் கண்ணயரலாம். அதனால் பக்கத்தில் ஒருவர் குழந்தையையே பார்த்துக்கொண்டிருப்பது கட்டாயம். குறைந்தது ஒரு மணி நேரம் இடையில் எடுக்கவேண்டாம்; எடை பார்ப்பது காத்திருக்கலாம். முழு மயக்கம் கொடுக்க நேர்ந்தால், நீங்கள் தெளியும்வரை அப்பாவின் மார்பில் கிடக்கட்டும். தாமதமாகத் தொடங்கினாலும் பலன் உண்டு.

இனி உங்கள் பயத்துக்கு வருவோம். 'பால் இறங்கவில்லை' என்று சொல்லப்படும் அந்த நாட்களிலும் சீம்பால் இருக்கிறது. முதல் நாளில் ஒரு வேளைக்கு 2 முதல் 10 மில்லிதான் வரும். குழந்தைக்கு அப்போது அது போதும். நஞ்சுக்கொடி வெளியேறியபின் ஹார்மோன் மாறி, 2 முதல் 4 நாளில் பால் பெருகும். சிசேரியனில் இது சற்றுத் தள்ளிப்போகலாம். இந்த இடைவெளியில் தேவையில்லாமல் பவுடர் பால் கொடுத்தால் குழந்தை வயிறு நிறைந்து தூங்கிவிடும்; சப்புவது குறைய, சுரப்பும் குறையும். முதல் முறை உங்களுக்கு நடந்ததும் இதுவாக இருக்கலாம்.

ஆகவே 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் கொடுங்கள். தையலில் பாரம் விழாமல் ஒருக்களித்துப் படுத்தோ, குழந்தையை அக்குள் பக்கமாகப் பிடித்தோ கொடுக்கலாம். குழந்தையின் மூக்கு காம்புக்கு நேராக இருக்கட்டும். வாயை அகலத் திறந்ததும் மார்போடு அணையுங்கள். தாடை மார்பில் அழுந்தி, கீழுதடு வெளியே மடிந்திருந்தால் பிடிப்பு சரி. காம்பை மட்டும் கவ்வினால் வலிக்கும், பாலும் வராது. ஒரு விரலை வாயோரம் நுழைத்து விடுவித்து, மறுபடி பிடிக்க வையுங்கள்.

குழந்தை சப்பவே இல்லையென்றால் பீய்ச்சிக் கரண்டியில் புகட்டுங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காம்பிலிருந்து 2, 3 செ.மீ. தள்ளி வைத்து, நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடவேண்டும். தோலில் தேய்க்கக் கூடாது.

ஐந்தாம் நாளுக்குள் தினம் ஆறு முறையாவது சிறுநீர் போய், மலம் மஞ்சளாக மாறினால் பால் போதுகிறது. எடை 10 சதவீதத்துக்குமேல் குறைந்தாலோ, இரத்தச் சர்க்கரை இறங்கினாலோ கூடுதல் பால் தேவைப்படலாம்; அப்போது மருத்துவர் சொல்லும் அளவைத் தயங்காமல் கொடுங்கள், கூடவே பீய்ச்சுவதையும் தொடருங்கள். எழுப்பியும் பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, மஞ்சள் நிறம் கூடினாலோ உடனே குழந்தையைக் காட்டிவிடுங்கள்.